‘மெரிட்’ என்பதும் ‘தகுதி’ என்பதும்

மும்பையில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டால், மாட்டுங்காவிலும் தாராவியிலும் உள்ள தமிழ் வீடுகளில் ‘மெரிட் லிஸ்ட்’ என்ற பேச்சுத்தான். ஈட்டியது, பெறுவதற்கு உரியது என்று பொருள்படும் ‘மெரிட்டும்’ என்ற இலத்தீனச் சொல்லே ‘மெரிட்’டின் மூலம். அதனுடன், ஆட்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான ‘கிராட்டோஸ்’ சேர்ந்து ‘மெரிட்டாக்ரசி’ ஆயிற்று. 1958இல் தம் நூலின் வழியாக இதைப் பரவலாக்கிய பிரித்தானியச் சமூகவியலாளர் மைக்கேல் யங், புகழ்ச்சியாக அல்ல, எச்சரிக்கையாகவே இதைக் கையாண்டார். அறிவையும் உழைப்பையும் அளந்து இடம் கொடுக்கும் சமூகத்தில், உயர்ந்தவர்கள் தம் உயர்வுக்குத் தாமே முழுக் காரணம் என்று நம்பிவிடுவார்கள் என்பது அவருடைய அச்சம். அரசியல்வாதிகள் அதையே பாராட்டுச் சொல்லாக்கிவிட்டதைக் கண்டு, 2001இல் அவர் வெளிப்படையாக வருந்தி எழுதினார்.

அவருடைய அச்சத்தை ஒட்டிய முடிவு ஆய்விலும் கிடைத்திருக்கிறது. வருமான ஏற்றத்தாழ்வுக்கு, வர்க்கத்தில் தம்மைத் தாழ்வாகக் கருதுவோர் சூழலையும் வாய்ப்பையும் காரணமாகச் சொல்கிறார்கள் என்றும், மேலாகக் கருதுவோர் அந்த அளவுக்கு அவ்வாறு சொல்வதில்லை என்றும் கிராஸ், பிஃப், கெல்ட்னர் ஆகிய உளவியலாளர்கள் 2009இல் அமெரிக்காவில் கண்டார்கள்.

இதை நான் இங்கேயே கேட்டிருக்கிறேன். “என் பிள்ளை மெரிட்டில் வந்தவன்” என்று மாட்டுங்காவில் ஒருவர் நிறைவோடு சொன்னார். அந்தப் பிள்ளையின் உழைப்பும் உண்மையானதுதான். தாராவியில் விடியுமுன் இட்லி அவித்து விற்பனைக்கு அனுப்பும் ஓர் அக்காவோ, கிரைண்டர் ஓடும் அதே அறையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த மகனைக் காட்டி, “படிக்க ஒரு மூலை வேணும்லா தம்பி” என்றார்.

தமிழில் இதற்குத் ‘தகுதி’ என்று எழுதுகிறோம். ‘தகு’ என்னும் அடிக்குப் பொருந்துதல் என்று பொருள். தகவு, தக்கார் என்பனவும் அதன் வழி வந்தவையே. திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரம் ‘தகுதி எனவொன்று நன்றே’ என்றுதான் தொடங்குகிறது. பரிமேலழகர் அங்கே ‘தகுதி’க்கு நடுவுநிலைமை என்றே உரை காண்கிறார். ஒருவர் ஈட்டியதைச் சுட்டும் ‘மெரிட்’டுக்கு, எவர் பக்கமும் சாயாத நேர்மையையும் குறித்த இச்சொல்லை அப்படியே கொடுத்துவிட எனக்கு மனமில்லை. மதிப்பெண்ணை மட்டும் அளக்கும் ‘மெரிட் லிஸ்ட்’டுக்குத் தமிழ்நாட்டில் வழங்கும் ‘தரவரிசைப் பட்டியல்’ போதும். ‘மெரிட்டாக்ரசி’ ஓர் ஆட்சிமுறையைக் குறிக்குமிடத்தில் ‘தகுதியாட்சி’ என்றும், உயர்ந்தவரெல்லாம் தகுதியால் மட்டுமே உயர்ந்தார் என்ற நம்பிக்கையைக் குறிக்குமிடத்தில் ‘தகுதிவாதம்’ என்றும் எழுதலாம். வாதம் என்றால் அதற்கு மறுப்பும் உண்டு.