நோமன்கிளேச்சர்: மீனுக்கு பேரு வைக்கிற சட்டம், தமிழ்ல என்ன சொல்றது?

இலங்கையில ஏஎல் பயோ (உயர்தர உயிரியல்) படிக்கிற புள்ளைங்க வாயில அடிக்கடி வர்ற வார்த்தை இது. லத்தீன்ல நோமென்னா பேரு, கலாரேன்னா கூப்பிடுறது. பழைய ரோம்ல பெரிய மனுசங்க வெளிய கிளம்புனா எதிர்ல வர்றவன் பேர காதுல சொல்றதுக்குன்னே ஒரு அடிமைய கூட்டிட்டு போவாங்க, அவனுக்கு நோமன்கிளேட்டர்னு பேரு. தமிழ்ல பெயரீடு. பெயர் இடுறது பெயரீடு, முதல் இடுறது முதலீடு, அதே கட்டுதான். பெயர்சூட்டல்னும் எழுதுறாங்க, ஆனா அத கேட்டா யாரோ புள்ளைக்கு தொட்டில் கட்டுற மாதிரி இருக்கு, எனக்கு பெயரீடுதான் சரியா படுது.

சரி, மீனுக்கு எதுக்கு சட்டம்? காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் பக்கம் புடிக்கிற திலாப்பியாவையே எடுங்க. வடக்கு கிழக்குல அத ஜப்பான் மீனுங்கறாங்க, ஜப்பானுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, 1952ல இலங்கைக்கு கொண்டு வந்த மொசாம்பிக் திலாப்பியா ஆப்பிரிக்கா மீனு. ஊருக்கு ஒரு பேரு இருக்கட்டும், ஆனா உலகத்துக்கு ஒண்ணு வேணும்ல. அதுக்குத்தான் விலங்கியல் பெயரீட்டுக்குன்னு சர்வதேச விதிக்கோவை, இப்ப நடப்புல உள்ளது 4ஆவது பதிப்பு, 2000 ஜனவரி 1ல இருந்து. கணக்கு 1758ல, லின்னேயஸ்ங்கற ஸ்வீடன் இயற்கை ஆய்வாளர்ல இருந்து ஆரம்பிக்குது, அதுக்கு முந்தி வச்ச பேரு செல்லாது.

இதுல பெரிய விதி முந்துனவனுக்கே முன்னுரிமைங்கறது. ஹோட்டன் சமவெளி ஓடையில வெள்ளக்காரன் கொண்டாந்து விட்ட ரெயின்போ ட்ரவுட்ட பாருங்க. 1836ல ரிச்சர்ட்சன்ங்கற ஆய்வாளர் வச்ச சால்மோ கெயார்ட்னெரிங்கற பேருதான் ரொம்ப காலம் எல்லா புத்தகத்துலயும் இருந்துச்சு, பொறகு பாத்தா ரஷ்யாவோட கம்சட்கா பக்கத்து மீனும் இதுவும் ஒண்ணுதான்னு தெரிஞ்சுச்சு, அதுக்கு வால்பாம்ங்கற இன்னொரு ஆய்வாளர் 1792லயே மைகிஸ்னு பேரு வச்சிட்டாரு. அப்ப எத்தன பேரு பழகி இருந்தாலும் 1792தான் ஜெயிக்கும். சாதியும் (ரெண்டு சொல்லு அறிவியல் பேருல முதல் சொல்லு, இங்கிலீஷ்ல ஜீனஸ்) பசிபிக் சால்மன் பக்கம் மாறுச்சு, 1989ல இருந்து அது ஒன்கோரிங்கஸ் மைகிஸ் (வால்பாம், 1792). அந்த அடைப்புக்குறி சும்மா அழகுக்கு இல்ல, முதல்ல வச்சப்ப வேற சாதியில இருந்துச்சுன்னு அர்த்தம். பரீட்சையில அத விட்டுட்டு வர்ற புள்ளைங்கதான் ஜாஸ்தி.

இன்னொண்ணு லத்தீன் இலக்கணம். சாதிப் பேரு பெண்பாலா இருந்தா பின்னால வர்ற பெயரடையும் பெண்பால் ஆகணும். திலாப்பியா மொசாம்பிகான்னு இருந்தது ஆண்பால் சாதிக்கு மாறுனதும் ஒரியோக்ரோமிஸ் மொசாம்பிகஸ் ஆனது அதனாலதான். ஓரோஸ்னா கிரேக்கத்துல மலை, நம்ம பக்கத்துக்கு பொருத்தமான பேருதான் போங்க. ஆள் பேரு வச்சா ஆம்பளைக்கு கடைசியில இகரம், பொம்பளைக்கு ஏ, இடத்துப் பேருன்னா பெரும்பாலும் என்சிஸ்.

லத்தீன் எழுத்துல எழுதணுமே தவிர, சொல்லு எந்த பாஷையா இருந்தாலும் ஆகும். நம்ம ஆத்துச் சின்ன மீனுங்க கொஞ்சத்த 2012ல பெத்தியான்னு புதுசா ஒரு சாதியாக்குனாங்க, அது பெத்தியாங்கற சிங்களச் சொல்லேதான். தமிழும் இருக்கு, மிஸ்டஸ் கெலீடியஸ்ங்கற மீனுல கெளுத்திய அப்படியே கேக்கலாம்.

இந்தியப் புத்தகம் வச்சு படிக்கிறவங்க கொஞ்சம் கவனிங்க, அங்க பேரினம் சிற்றினம்னு போட்டிருப்பாங்க, நம்ம பாடப்புத்தகத்துல அது சாதி, இனம். கையால எழுதுனா ரெண்டு சொல்லுக்கும் தனித்தனியா கீழ்க்கோடு, சாதியோட முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து.