லக்சமானா: அட்மிரலும் இல்லை, லட்சுமணனும் இல்லை

பழைய மலாக்கா அரசின் புகழ்பெற்ற மலாய் வீரர் ஹாங் துவாவை 'அட்மிரல் ஹாங் துவா' என்று தமிழில் எழுதியிருப்பதைப் பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் கூடுகிறது. பள்ளிக் கட்டுரை, கண்காட்சிப் பலகை, மலாக்கா சுற்றுலாக் கையேடு, எங்கும் இதே கதை. ஓர் இடத்தில் 'தளபதி லட்சுமணா ஹாங் துவா' என்றே கண்டேன். மனிதருக்கு லட்சுமணா என்று இன்னொரு பெயரும் இருந்தது போல!

லக்சமானா என்பது ஆள் பெயர் அல்ல, மலாய்ப் பதவிப் பெயர். மூலம் நம் இராமாயண லட்சுமணனேதான். மலாய் உலகுக்குப் போன அந்தப் பெயர், மலாக்கா அரசவையில் பதவியாகிவிட்டது. இன்றும் மலேசியா, இந்தோனேசியா, புருணை மூன்றிலும் கடற்படையின் உயர்பதவிக்கு அதுதான் சொல்.

கப்பலுக்கும் லட்சுமணனுக்கும் என்ன சம்பந்தம்? கம்பனைப் படித்தவர்கள் குகனைத்தான் கைகாட்டுவார்கள். 'ஆயிரம் அம்பிக்கு நாயகன்' அவன். லட்சுமணன் அந்த ஓடத்தில் ஏறிப்போனவன், அவ்வளவுதான். ஆனால் மலாக்காவின் லக்சமானா கப்பல்களை மட்டும் மேய்த்தவர் அல்ல. சுல்தானுக்கு மெய்க்காவல், வெளிநாட்டுக்குத் தூது, அப்புறம் கடற்படை என எல்லாம் அவர் தலையில்தான். அண்ணனுக்காகக் கண் துஞ்சாமல் காவல் நின்றவனின் பெயரை இப்படிப்பட்ட வேலைக்கு வைத்தது பொருத்தம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சுல்தான் மன்சூர் ஷா (1459–1477) காலத்து லக்சமானாவாக ஹாங் துவாவைச் சொல்கிறது 'செஜாரா மெலாயு' என்னும் பழைய மலாய் வரலாற்று நூல். சுல்தானோடு ஜாவாவின் மஜாபாகித் அரசுக்குப் போனவர். அவர் பெயரிலேயே உள்ள 'ஹிக்காயத்' என்னும் மலாய்க் கதைநூலில் விஜயநகரத்துக்கும் தூது போகிறார். ஆள் உண்மையில் வாழ்ந்தாரா என்றுகூட அறிஞர்கள் வாதாடுகிறார்கள். பதவி இருந்ததில் யாருக்கும் வழக்கில்லை.

சரி, அட்மிரலுக்கு வருவோம். அரபு மொழியில் 'அமீர் அல்' என்றால் 'இன்னதன் தலைவர்'. அந்த 'இன்னது' உதிர்ந்து, லத்தீனில் இடையில் ஒரு 'ட்' ஒட்டி, ஐரோப்பா முழுக்கப் பரவியது. நம்மூர் அமீர்களுக்குத் தூரத்து உறவு. அந்தச் சொல்மேல் எனக்குக் கோபமில்லை. எல்லாத் தலையிலும் அந்த ஒரே தொப்பியை மாட்டுவதுதான் பொறுக்கவில்லை. சிங்கப்பூரின் கெப்பல் துறைமுகத்துக்குப் பெயர் தந்த ஹென்றி கெப்பல் அட்மிரல்தான், மறுப்பில்லை. பிரிட்டிஷ் கடற்படையில் படிப்படியாக ஏறி வந்தவர். 1405 முதல் 1433 வரை ஏழு பயணம் போன செங் ஹோவையும் அட்மிரல் என்கிறோம். அவரோ சீனாவின் மிங் அரண்மனை அதிகாரி, பேரரசரின் தலைமைத் தூதர். ஹாங் துவா சுல்தானின் அரசவைக்காரர். மூவரையும் அட்மிரல் என்று எழுதினால், மூவரும் ஒரே கல்லூரியில் பயிற்சி முடித்து வந்தது மாதிரி அல்லவா இருக்கிறது?

'தளபதி' போதுமே என்பார்கள். தளம் என்றால் படை, சரிதான். ஆனால் அச்சொல் இன்று தரைப்படையையோ சினிமா நடிகரையோதான் நினைவூட்டுகிறது. 'தலைவர்' என்ற நல்ல தமிழ்ச் சொல் கையில் இருக்க, வடமொழிப் 'பதி' எதற்கு? கடற்படைத் தலைவர் என்றால் யாருக்கும் புரியும். என் கணக்கில், முதல் முறை 'லக்சமானா என்னும் கடற்படைத் தலைவர் பதவி வகித்த ஹாங் துவா' என எழுதிவிட்டு, பிறகு லக்சமானா என்றே விட்டுவிடலாம். தூய தமிழ் வேண்டும் என்று 'இலக்குவன் ஹாங் துவா' என்று யாரும் கிளம்பாமல் இருந்தால் சரி.

உண்மைக் குறை வேறு. சிங்கப்பூரில் மலாய் நம் தேசிய மொழி. நாட்டுப்பண்ணையே அதில்தான் பாடுகிறோம். ஆனாலும் மலாய்ச் செய்தி ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டுதான் தமிழுக்கு வருகிறது. பக்கத்து மேசை மலாய் நண்பரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தாலே இந்த லட்சுமணா பிறந்திருக்க மாட்டார்.

இன்றைய மலேசியக் கடற்படைச் செய்தியில் 'லக்சமானா மூடா' வந்தால் ரியர் அட்மிரல் என்று தாராளமாக எழுதுங்கள். அது இப்போது சமமான பதவிதான். 'மூடா' என்றால் இளைய என்று அகராதியைப் பார்த்துவிட்டு 'இளைய லட்சுமணன்' ஆக்கிவிடாதீர்கள். சிங்கப்பூரின் அட்மிரல்ட்டி எம்ஆர்டி ரயில் நிலையத்தையும் விட்டுவிடுங்கள், அது ஊர்ப்பெயர்.