ஏசியில் காற்று வராதும்மா!

உள்ளலங்கார வேலை செய்கிற என்னை, பூஞ்சணம் என்று இந்த மழைக்காலத்தில் கூப்பிட்ட நான்காவது வீடு இது. யாங்கோனின் பசுண்டாங் வட்டாரத்தில் ஐந்தாம் மாடி. பழைய அடுக்கு, லிஃப்ட் கிடையாது. டைல் மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறிப் போனேன். கதவு திறந்ததும் முகத்தில் அடித்தது, நனைந்த சாக்கைப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்த வாடை. வீட்டு அம்மா ஒன்றும் பேசாமல் அலமாரியைத் திறந்து தன் கல்யாணப் புடவையை எடுத்துக் காட்டினார். ஜரிகைக் கரை முழுக்கப் பூஞ்சணம்.

"போன தீபாவளிக்குத்தான் பாப்பா, வீட்டையே புதுசாக்கினோம். கொரியா சீரியல்ல வர்ற வீடு மாதிரியே செஞ்சு குடுத்தாங்க."

செய்துதான் கொடுத்திருக்கிறார்கள். முன் பால்கனிக்குத் திறக்க முடியாத கண்ணாடி. பின்பக்கச் சமையற்கட்டு ஜன்னலை மறைத்து பிளாஸ்டிக் பலகை. நடுவில் இரண்டு படுக்கையறைகள், தடுப்புகள் தரையிலிருந்து ஃபால்ஸ் சீலிங்கை முட்டுகிற வரைக்கும். சுவரெல்லாம் வெளிர்சாம்பல் வால்பேப்பர். மூலையில் விரலால் கொஞ்சம் கிளப்பினேன். பின்னால் கரிச்சட்டி நிறம்.

யாங்கோனில் குடியிருப்பவர்களுக்கு இந்த வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நகரத்து அடுக்கு வீடுகளில் நிறைய 'ஹால் டைப்'தான். பன்னிரண்டரை அடி அகலம், 50 அடி நீளம், உள்ளே அறைத்தடுப்பே இருக்காது. வாங்குகிறவர் தன் வசதிக்குத் தடுத்துக்கொள்வார். இடமும் வலமும் அடுத்த வீட்டுச் சுவர். வெளிச்சமும் காற்றும் வர முன்னால் ஒரு வழி, பின்னால் ஒரு வழி. கிட்டத்தட்ட ஒரு புல்லாங்குழல். இரண்டு முனையையும் அடைத்துவிட்டு நடுவில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? வெளியே ஆண்டுக்கு ஏறக்குறைய 2,700 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி மே பாதி தொடங்கி அக்டோபர் வரைக்கும். பூஞ்சணம் எப்படி வருகிறது என்று நான் பாடம் எடுக்கப் போவதில்லை.

எனக்குக் கோபம் வருவது இதற்கு அடுத்து வருகிற பதிலுக்குத்தான். "ஜன்னல் எதுக்கு பாப்பா? அதான் ஏசி இருக்கே, காத்து வருதே."

வரவில்லை அம்மா. பத்து வருடமாக ஒவ்வொரு வீட்டிலும் இதைச் சொல்கிறேன், இன்னொரு முறையும் சொல்கிறேன். நம் வீடுகளில் மாட்டுகிற ஏசிக்கு உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி. இரண்டையும் சேர்க்கிற செப்புக் குழாயில் ஓடுவது குளிர்விக்கிற வாயு, அதில் காற்று வருவதில்லை. உள்ளே இருக்கிற பெட்டி உங்கள் அறைக் காற்றையே இழுத்து, குளிர வைத்து, உங்களிடமே திருப்பித் தருகிறது. நீங்கள் விட்ட மூச்சு, நேற்று பொரித்த ங்காப்பி என்கிற மீன் விழுதின் வாசம், ஈரத் துணியின் ஆவி எல்லாம் அதே அறைக்குள் சில்லென்று சுற்றி வருகின்றன. ஓடுகிற நேரத்தில் ஈரத்தைக் கொஞ்சம் எடுக்கும், குழாயில் சொட்டுகிற தண்ணீர் அதுதான். ஆனால் ஓட வேண்டுமே! நம் ஊரில் கரண்ட் நாளில் எத்தனை மணி நேரம் இருக்கிறது? அது நின்றுபோன நேரமெல்லாம் நீங்கள் இருப்பது மூடி போட்ட டப்பாவில். எடுத்த ஈரத்துக்கு மேல் சேர்ந்துவிடும்.

இதைச் சொன்னதும் சிலர் போனை நீட்டுவார்கள். "பின்ட்ரெஸ்ட்ல பாருங்க, இவங்க எல்லாத்தையும் மூடித்தானே வெச்சிருக்காங்க?" அது பனி பெய்கிற ஊர். குளிர் உள்ளே வரக் கூடாதென்று அவர்கள் அடைக்கிறார்கள். நானும் படம் பார்க்கிறவள்தான், காலையில் டீயோடு அரைமணி நேரம் அதில்தான் போகிறது. நிறம் எடுக்கலாம், விளக்கு வைக்கிற இடம் எடுக்கலாம். அந்த ஊர்க் குளிரையுமா எடுப்பது?

எனக்கு யோசனை கிடைக்கிற இடங்கள் எல்லாம் நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. 1905-இல் கட்டி முடித்த பழைய அரசு அலுவலகமான செக்ரடேரியட்டின் அகல வராந்தாக்களைப் பாருங்கள். வெயிலும் சாரலும் சுவரைத் தொடுவதற்குள் அங்கேயே களைத்துப்போகும். யாங்கோன் ரங்கூனாக இருந்த காலத்துப் பழைய வீடுகளில் அறைத்தடுப்புக்கு மேலே ஒன்றரை, இரண்டு அடிக்கு மரச்சட்டத்தில் சல்லடை வேலைப்பாடு இருக்கும். அழகுக்கு வைத்தது என்று நினைத்துப் பழுது பார்க்கிறவர்கள் அட்டையடித்து மூடிவிடுகிறார்கள். முன் ஜன்னலில் நுழைந்த காற்று அந்தச் சல்லடை வழியாக அறை அறையாகத் தாண்டிப் பின்பக்கம் போவதற்காக வைத்தது அது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் வயதான பர்மியத் தச்சர் ஒருவர், நான் சயா, அதாவது வாத்தியார், என்று கூப்பிடுவேன். ஒரு வீட்டில் சல்லடையின் கீழே ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடித்தார். புகை நேராக மேலே போய்ச் சல்லடையில் புகுந்து அடுத்த அறையில் இறங்கியது. படிப்பில் நான்கு பருவம் ஓட்டியதை அவர் ஒரு ஊதுபத்தியில் முடித்துவிட்டார்.

செட்டிநாட்டு வீடுகளையும் சொல்ல வேண்டும். இங்கிருந்து கப்பலேறிப் போன தேக்குதான் அங்கே தூணாக நிற்கிறது. தேக்கு இங்கிருந்து போயிற்று, முற்றம் என்கிற யோசனை அங்கிருந்து இங்கே வந்திருக்கக் கூடாதா? பன்னிரண்டரை அடி அகலத்தில் முற்றத்துக்கு எங்கே போவது என்பீர்கள். நியாயம்தான். ஆனால் நடுவில் ஐந்தடி இடத்தைச் சாமான் இல்லாமல் விட முடியும்.

அந்தப் பசுண்டாங் வீட்டுக்கு நான் எழுதிக் கொடுத்த வேலை பெரிதில்லை. படுக்கையறைத் தடுப்புகளின் மேல் ஒன்றரை அடியை வெட்டிச் சல்லடை வைப்பது. முன் கண்ணாடியில் பாதியைத் திறக்கிற மாதிரி மாற்றுவது. பின் ஜன்னலை விடுவிப்பது. வால்பேப்பரை உரித்து, சுவரைக் காயவிட்டுச் சுண்ணாம்பு அடிப்பது. சுண்ணாம்பு என்றதும் அந்த அம்மா முகம் சுருங்கியது. ஏழை வீட்டுச் சமாச்சாரமாம்! சுவர் மூச்சு விட வேண்டுமென்றால் பிளாஸ்டிக் பூச்சைவிட அதுதான் உதவும், வேண்டிய நிறத்தைக் கலந்துகொள்ளலாம் என்று காட்டியபின் சமாதானமானார். முன் கண்ணாடியைத் திறக்கிற மாதிரி மாற்றியபின், டைல் மாதிரிகளை இரண்டாவது தடவை நான் தூக்கிக்கொண்டு ஏறவில்லை. பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்குகிற கயிற்றுக் கிளிப்பில் மாட்டி ஆட்டினேன், மேலே மணி அடித்தது, இழுத்துக்கொண்டார்கள். பேப்பர் ஏறுகிற கயிற்றில் டைலும் ஏறும்.

மர அலமாரி பற்றி ஒரு வார்த்தை. தேக்கு விலைக்குக் கட்டாது என்று தூள்பலகையில் செய்கிறீர்கள், தப்பில்லை. தரையோடு ஒட்டி வைக்காதீர்கள். காலுக்குப் பியின்கடோ என்கிற கெட்டி மரத்தில் கட்டை நாலு போட்டுத் தூக்கி வையுங்கள். கரையான் அந்த மரத்தை அவ்வளவு லேசில் தொடாது, தரை ஈரமும் பலகைக்கு ஏறாது. உயரமான அலமாரியை மேல்பக்கம் சுவரோடு திருகி வையுங்கள். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு இதற்குக் காரணம் கேட்கிறவர்கள் இருக்கக் கூடாது.

ஓப்பன் கிச்சன் கேட்டு வருகிறவர்களுக்கு: காய்ந்த இறாலில் செய்கிற பாலாச்சாங் வறுப்பீர்களா, மாட்டீர்களா? வறுப்பீர்கள் என்றால் சோபா துணியும் கூடவே வறுபடும். யோசித்துக்கொள்ளுங்கள்.

சாமி மாடத்தை பிளாஸ்டிக் பலகை அடித்த அலமாரிக்குள் வைத்துக் கதவு போட்டு, உள்ளே அகல்விளக்கு ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். விளக்குக்கு மேலே திறந்த இடம் இருக்கட்டும், அடியில் பித்தளைத் தட்டு இருக்கட்டும்.

இனி வருவதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். பால்கனிக்குக் கண்ணாடி போட்டு மூடிய பிறகு அதற்குள்ளேயே சின்ன ஜெனரேட்டரை வைத்து ஓட்டுகிறார்கள். போன மாதம் ஒரு வீட்டில் நானே பார்த்தேன், பக்கத்தில் குழந்தை தூங்குகிறது. அந்தப் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. தலை சுற்றுகிறது என்று உணர்ந்து எழுந்திருப்பதற்குள் எழுந்திருக்க முடியாமல் போகலாம். ஜெனரேட்டர் வீட்டுக்குள் வேண்டாம், பால்கனியில் வேண்டாம், படிக்கட்டடியிலும் வேண்டாம். வெளியே வைக்க இடமில்லையா, விசிறியோடு இருந்துவிடுங்கள், இன்வெர்ட்டர் போடுங்கள். அந்த இன்வெர்ட்டரின் தண்ணீர் ஊற்றுகிற பேட்டரியையும் அழகு கெடுகிறதென்று அலமாரிக்குள் பூட்டாதீர்கள். சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கிற வாயு விடும். கம்பி போட்ட ஜன்னல்களில் ஒன்றாவது உள்ளிருந்து திறக்கிறதாக இருக்கட்டும், சாவி வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஆணியில் தொங்கட்டும்.

சுவரை உரிப்பது, சல்லடை வைப்பதெல்லாம் மழை விட்டபின் செய்கிற வேலை. நவம்பரில் கூப்பிடுங்கள். ஏப்ரலில் பர்மியப் புத்தாண்டான தண்ணீர்த் திருநாளுக்கு ஆசாரிகள் ஊருக்குப் போய்விட்டால் திரும்பி வருவதற்குள் அடுத்த மழை தொடங்கிவிடும், அப்போது என்னைத் திட்டிப் பிரயோஜனமில்லை. ஆனால் அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைப்பதை இன்றைக்கே செய்யலாம். அதற்கு என்னைக் கூப்பிட வேண்டாம்.