ஆயிரம் ரூபாய் போட்டால் எவ்வளவு போய்ச் சேரும்?

சேலம் செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் ஒருவரின் குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவமனை 10 லட்சத்துக்கு எஸ்டிமேட் கொடுக்கிறது. நிதி திரட்டும் தளம் ஒன்றில் பக்கம் தொடங்குகிறார்கள், லிங்க் அம்மாப்பேட்டை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி ஏற்காட்டு எஸ்டேட் லைன் வீடுகள் வரை போகிறது, ஆளுக்கு ஐந்நூறு, ஆயிரம் என்று வந்து விழுகிறது. அப்புறம் அந்தப் பணத்துக்கு என்ன ஆகிறது?

குடும்பத்தின் கைக்கு அது நேராகப் போவதில்லை. முதலில் பேமெண்ட் நிறுவனத்திடம் போகிறது. தன் சொந்தப் பணத்தோடு கலக்காமல் வங்கியில் தனி எஸ்க்ரோ கணக்கில் அதை வைத்திருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2020-ல் போட்ட விதி. அங்கிருந்து தளத்துக்கு, தளத்திலிருந்து மருத்துவமனைக்கோ குடும்பத்துக்கோ. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கொஞ்சம் குறையலாம்.

கிரெடிட் கார்டில் 1,000 ரூபாய் போடுகிறீர்கள், பேமெண்ட் நிறுவனம் எடுக்கும் கேட்வே கட்டணம் 2 சதவீதம் என்றால் 20 ரூபாய். தளமும் 5 சதவீதம் எடுத்தால் 50 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 9. மிச்சம் 921. ஆயிரத்தில் பார்த்தால் சின்னத் தொகைதான், ஆனால் 10 லட்சத்துக்கு இதே கணக்கில் 79,000 ரூபாய் போய்விடுகிறது. வங்கிக் கணக்கிலிருந்து யூபிஐ வழியாகப் போட்டால் 2020 ஜனவரி முதல் எம்டிஆர் (பணம் பெறுபவரிடம் பரிவர்த்தனைக்காகப் பிடிக்கும் கட்டணம்) கிடையாது, ஆகவே முடிந்தவரை அதில் போடுங்கள்.

"எங்களுக்குக் கட்டணமே இல்லை" என்று சொல்லும் தளங்களும் உண்டு, அவை கொடுப்பவர்களிடம் டிப் வாங்கிச் செயல்படுகின்றன. சர்வர், ஆட்கள், ஆவணச் சரிபார்ப்பு எல்லாவற்றுக்கும் செலவு இருக்கிறது, அதனால் டிப் கேட்பது தப்பே இல்லை. ஆனால் பணம் கட்டும் பக்கத்தில் அவர்களே ஒரு சதவீதத்தை முன்கூட்டியே தேர்வு செய்து வைத்து, அதைப் பூஜ்யமாக்கும் இடத்தைக் கண்ணுக்குப் படாமல் வைப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அழுகிற குழந்தையின் படத்தைப் பார்த்து மனசு கலங்கியிருக்கும் ஆள் அதையெல்லாம் தேடிக்கொண்டிருக்க மாட்டார். பொருள் வாங்கும்போது கேட்காமலே நன்கொடையைச் சேர்த்துவிடுவதை, நுகர்வோரை ஏமாற்றும் 13 உத்திகளில் ஒன்றாக மத்திய அரசின் 2023 வழிகாட்டுதல் பட்டியலிட்டிருக்கிறது. நன்கொடையிலேயே கேட்காமல் டிப் சேர்ப்பதையும் அதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

கட்டணத்தைவிட என்னை உறுத்துவது கணக்கு. யார் எவ்வளவு போட்டார்கள் என்பது மொய் நோட்டு மாதிரி பக்கத்தில் வரிசையாகத் தெரிகிறது, செலவுப் பக்கம் மட்டும் பல நேரம் காலியாகவே கிடக்கிறது. 2017-ல் அமெரிக்காவில் வீடில்லாத ஒருவருக்கென்று கோஃபண்ட்மீ தளத்தில் 4 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது, சொன்ன கதையே பொய் என்று மறுவருடம் வெளிவந்தது, கொடுத்தவர்களுக்குத் தளம் பணத்தைத் திருப்பித் தந்தது. அது பெரிய செய்தியானதால் விசாரணை நடந்தது. சின்னப் பக்கங்களை யார் கேட்பார்கள்?

பணம் மருத்துவமனையின் கணக்குக்கே நேராகப் போனால் பாதிக் கவலை குறைகிறது, ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை வேண்டுமென்றால் பதிவு பெற்ற அறக்கட்டளை வழியாகப் பணம் போக வேண்டும், தனிநபருக்குக் கொடுப்பதற்கு அது கிடையாது. காப்பீட்டையும் கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்க வழி இருக்கிறது. அதில் எவ்வளவு கழிந்தது, மீதிக்குத்தான் திரட்டுகிறார்களா என்பது பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும்.

அப்புறம், கேட்கச் சங்கடமான கேள்வி ஒன்று. குழந்தை பிழைக்காமல் போனால், அல்லது செலவு குறைவாக முடிந்தால், மிச்சப் பணம் யாருக்கு? குடும்பத்துக்கா, இன்னொரு நோயாளிக்கா, கொடுத்தவருக்கே திரும்புமா? முதல் ரூபாய் வருவதற்கு முன்பே தளம் இதை எழுதி வைக்க வேண்டும், முடிந்ததும் மருத்துவமனை பில்லையும் போட வேண்டும். நோயாளியின் பெயரையும் முகவரியையும் மறைத்துப் போடட்டும், தொகை தெரிந்தால் போதும்.