டெஸ்க்டொப்: மேசையா, பணிக்களமா?

கணினியை இயக்கியதும் கண்ணில் படும் முதல் திரையை எல்லோரும் டெஸ்க்டொப் என்றுதான் சொல்கிறோம். ஹட்டன் பஸ் நிலையத்துக்கு அருகே விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் கடையிலும் அதே சொல்தான், பதுளைப் பாடசாலையின் கணினி அறையிலும் அதே சொல்தான். தமிழில் மேசைத்தளம், மேல்மேசை, திரைமுகப்பு, பணிமேடை எனப் பல சொற்கள் ஆக்கப்பட்டிருக்கின்றன. மேசைக்கணினி வேறு: அது மேசைமேல் வைக்கும் பொறியைக் குறிக்கும் சொல், திரையைக் குறிப்பதன்று. இரண்டையும் குழப்பிக்கொள்வோர் பலர்.

சொல்லின் வேர் வியப்பூட்டுவது. வட்டத் தட்டைக் குறித்த கிரேக்கச் சொல் திஸ்கோஸ். அது இலத்தீனில் திஸ்குஸ் ஆகி, இடைக்கால இலத்தீனில் மேசை என்ற பொருளில் தெஸ்கா ஆகி, ஆங்கிலத்தில் டெஸ்க் ஆயிற்று. சோறு போடும் டிஷ், தரவு தேங்கும் டிஸ்க் இரண்டும் அதே வேரின் பிள்ளைகள். நம் மேசையோ போர்த்துக்கேயரின் மெசா. அலமாரி, சாவி, ஜன்னல் எல்லாம் அந்தக் கப்பலில் வந்தவைதான். மேசை தமிழா இல்லையா என்ற வழக்குக்குள் நான் போகப்போவதில்லை. இத்தனை தலைமுறையாக நம் வீட்டுக்குள் இருக்கும் சொல் நம்முடையதே. என் வழக்கு சொல்லோடு அல்ல, அது காட்டும் படத்தோடு.

அந்தப் படத்தை வரைந்தவர்கள் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் இருந்த ஸெரொக்ஸ் ஆய்வுக்கூடத்தார். 1973இல் அங்கே உருவான ஆல்டோ கணினியைத் தொடர்ந்து, 1981இல் ஸ்டார் என்ற பொறி விற்பனைக்கு வந்தது. விலை ஏறத்தாழ 16,500 டொலர். வாங்கக்கூடியவை பெரிய அலுவலகங்கள். அங்கே மேசையும் கோப்பும் கடிதத் தட்டும் இருந்தன. ஆகவே திரையிலும் கோப்பு, கோப்புறை, வரும் கடிதத் தட்டு, போகும் கடிதத் தட்டு என்று சின்னப் படங்களை வைத்தார்கள். ஸ்டாரில் பயனர் ஆவணத்தைத்தான் திறந்தார். எந்தச் செயலி அதைத் திறக்கிறது என்பது அவர் கவலையாக இருக்கவில்லை. பிறகு 1983இல் அப்பிளின் லிசா, 1984இல் மக்கின்டோஷ், 1995இல் விண்டோஸ் 95 வழியாக மேசை உலகெங்கும் பரவியது. பரவிய வழியில் ஆவணம் பின்னுக்குப் போய்ச் செயலி முன்னுக்கு வந்துவிட்டது. இன்று நாம் முதலில் செயலியைத் திறக்கிறோம், வேலையை அதற்குள் தேடுகிறோம்.

இதனால் என்ன கெட்டுப்போகிறது? கொட்டகலைப் பக்கத்தில் ஓர் ஆசிரியையை எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் தோட்டத்து மக்களுக்கு எழுத்து வேலை செய்துகொடுப்பவர். ஒரு குடும்பத்தின் ஏழு பேர்ச் காணி விடயம் அவர் கையில் இருக்கிறது. கோரிக்கைக் கடிதம் ஆவணக் கோப்புறையில். அடையாள அட்டையின் படம் வாட்ஸ்அப்பில் வந்து பதிவிறக்கங்களுக்குள் இருக்கிறது, பெயரோ வெறும் எண்வரிசை. கிராம உத்தியோகத்தரின் சான்றுக் கடிதம் வருடிய (ஸ்கேன் செய்த) படமாக வேறெங்கோ. பிரதேச செயலகத்திலிருந்து வந்த பதில் மின்னஞ்சலில். காணி ஒன்று, குடும்பம் ஒன்று, வேலை ஒன்று. ஆனால் கணினி அதை நான்கு துண்டாக வெட்டி நான்கு இடங்களில் வைத்திருக்கிறது. அந்த நால்வகையும் கணினியின் வசதிக்கானவை. மனிதர் வாசலில் நின்று, "டீச்சர், நம்ம காணிக் கடிதம் என்ன ஆனது?" என்று கேட்கும்போது ஆசிரியைக்கு வேண்டியது காணி, செயலி அல்ல.

இந்தக் குறையைத் தீர்க்கும் முயற்சிகள் புதியவை அல்ல. 1986இல் அதே பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் ஒஸ்டின் ஹென்டர்சன், ஸ்டூவர்ட் கார்ட் இருவரும் 'அறைகள்' என்ற அமைப்பை உருவாக்கினர். மனிதர் ஒரு வேலையில் இருக்கும்போது குறிப்பிட்ட சில சாளரங்களே மீண்டும் மீண்டும் தேவைப்படுகின்றன என்பதைக் கவனித்து, வேலைக்கு ஓர் அறை என்று பிரித்தார்கள். ஒரே சாளரம் இரண்டு அறைகளில் தோன்றவும் முடிந்தது. 1992இல் ஐ.பி.எம்.மின் ஓ.எஸ்./2 என்ற இயங்குதளத்தின் இரண்டாம் பதிப்பில், கோப்புறை ஒன்றை வேலைப்பகுதி என்று குறித்துவிட்டால் போதும்: அதை மூடும்போது அதிலிருந்து திறந்த எல்லாம் மூடிக்கொள்ளும், மறுபடி திறந்தால் எல்லாம் விட்ட இடத்திலிருந்து திறக்கும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது, பரவாமற்போனது இழப்பே. லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்துவோர் கே.டி.ஈ. பிளாஸ்மா என்ற திரைச்சூழலில் 'செயல்பாடுகள்' என்ற வசதியை அறிந்திருப்பார்கள். ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் தனிப் பின்னணிப் படம், அண்மையில் திறந்த கோப்புகளின் தனிப் பட்டியல் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்படி வேலையை நடுவில் வைத்துத் திரையை அமைப்பதை ஆங்கிலத்தில் புரொஜெக்ட் என்ற சொல்லை முன்னிட்டே பேசுகிறார்கள். அது இலத்தீனில் 'முன்னே எறிதல்' என்ற பொருளுடைய வினையிலிருந்து வந்தது. எறிந்தது எங்கோ போய் விழத்தான் வேண்டும். ஆகவே அதற்கு முடிவு உண்டு. கோப்புறைக்கு அப்படி ஒரு முடிவு இல்லை, வைத்தது வைத்தபடி கிடக்கும். இலங்கை அரசாங்க ஆவணங்கள் இதற்குக் கருத்திட்டம் என்றும், பாடசாலைகள் செயற்றிட்டம் என்றும் எழுதுகின்றன. இரண்டும் நல்ல சொற்கள். ஆனால் கருத்திட்டம் என்றதும் பெயர்ப்பலகையும் நிதி ஒதுக்கீடும் நினைவுக்கு வருகின்றன. ஒரு குடும்பத்தின் காணிக் கடிதங்களுக்கும், பிள்ளையின் சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பத்துக்கும், கோவில் திருவிழாவின் வரவுசெலவுக்கும் அந்தச் சொல் கனமாக இருக்கிறது. பணி என்பதே போதும்.

கோப்பு என்ற சொல்லையும் இங்கே பார்க்க வேண்டும், ஏனென்றால் அது வேலையின் பக்கம் நிற்கும் சொல். ஆங்கிலத்தின் பைல், நூல் எனப் பொருள்படும் இலத்தீன் ஃபீலும் என்பதிலிருந்து பிறந்தது. பழைய நாளில் தாள்களை நூலிலோ கம்பியிலோ கோத்து வைத்தார்கள். நம் கோப்பும் கோத்தல் என்ற வினையின் பிள்ளை. இங்குள்ள அலுவலகங்களில் வழங்கும் கோவையும் அதுவே. சுயவிபரக் கோவை என்றால் ஒருவரைப் பற்றிய எல்லாத் தாளும் ஒன்றாகக் கோக்கப்பட்டது. கடைகளில் வளைந்த கம்பியில் பற்றுச்சீட்டுகளைக் குத்தி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள்: பெரிய தாளும் சின்னத் தாளும், கையெழுத்தும் அச்சும், எல்லாம் ஒரே கம்பியில். தாளின் வகை பார்த்து யாரும் பிரிப்பதில்லை. இரு மொழிகளும் ஒன்றையொன்று கேளாமலே ஒரே செயலிலிருந்து சொல் எடுத்திருப்பதை எண்ணும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது. கணினி மட்டும் கோப்பைத் தனித்தனி மணியாக உதிர்த்துவிட்டது.

அப்படியானால் பணிகளால் அமைந்த திரைக்குச் சொல் என்ன? பணியிடம் சரிவராது, பத்திரிகைகளில் அது வெற்றிடமான பதவியைக் குறிக்கிறது. பணிமேடை அழகான சொல், ஆனால் அதுவும் மேசையின் நிழலே. பணிக்களம் என்பதே என் தெரிவு. களம் என்பது ஒரு வேலைக்காக ஆளும் பொருளும் கூடும் இடம்: நெற்களம், போர்க்களம். வேலை முடிந்ததும் களம் கலையும். மலையகத்தில் இந்தச் சொல் உயிரோடு இருக்கிறது. பரேட் என்ற ஆங்கிலச் சொல் பிரட்டு ஆகி, தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலையாட்கள் கூடும் இடம் பிரட்டுக்களம் ஆயிற்று. எந்த மலைக்கு யார் யார், கொழுந்து பறிப்பதா, கவ்வாத்து எனும் கிளை வெட்டா, உரமிடுவதா என்று பிரிப்பது அங்கேதான். அந்த இடத்தின் நினைவு நம் முன்னோருக்கு இனிமையானதல்ல. அன்றைய வேலைக்குப் பெயர் மறுக்கப்பட்டுத் திரும்பிப் போனவர்களின் துயரமும் அதில் இருக்கிறது. ஆகவே பிரட்டை விட்டுவிட்டுக் களத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். களம் அதற்கு மூத்த சொல்.

வடிவமைப்பவர் முன்னால் கடினமான கேள்விகள் இருக்கின்றன. ஒரே அடையாள அட்டைப் படம் காணிப் பணிக்கும் வேண்டும், பரீட்சை விண்ணப்பத்துக்கும் வேண்டும். படியெடுத்தால் ஒன்று பழையதாகிவிடும், ஆகவே இரு களங்களும் ஒரே கோப்பைச் சுட்ட வேண்டும். மின்னஞ்சல் தன் செயலிக்குள்ளேயே பூட்டிக் கிடக்கிறது. அதை வெளியே எடுத்துக் களத்தில் வைப்பதே பெரும்பாடு. மனிதரோ, "இப்போது வேறு பணிக்கு மாறுகிறேன்" என்று கணினிக்கு அறிவித்துவிட்டு மாறுவதில்லை. வாசலில் ஒருவர் வந்து நின்றால் மாறிவிடுகிறார்கள்.

கட்டளைச் சொற்களிலும் கவனம் வேண்டும். பணிக்களத்துக்கு இரண்டு பொத்தான்கள் இருக்கட்டும்: மூடு, முடி. மூடு என்றால் எல்லாச் சாளரமும் இப்போது இருக்கும் நிலையிலேயே ஒதுங்கி, நாளை அப்படியே திறக்க வேண்டும். முடி என்றால், காணி உறுதிப்பத்திரம் கைக்கு வந்துவிட்டது என்று பொருள். அப்போது கணினி அந்தப் பணியின் தாள்களையெல்லாம் ஒரு கோவையாகக் கட்டி, முதல் திரையிலிருந்து நீக்கிப் பழைய பணிகளோடு சேர்க்க வேண்டும். இரண்டையும் குளோஸ் என்ற ஒரே ஆங்கிலச் சொல்லின் மொழிபெயர்ப்பாக மூடு என்று எழுதிவிட்டால், எந்தக் காணி முடிந்தது, எது இன்னும் கிடப்பில் கிடக்கிறது என்பது ஆசிரியைக்குத் தெரியாமற்போகும்.