வபி-ஸபி: சொல்லும் தமிழ் நிகரும்

எளிமையிலும் முதுமையிலும் அழகு காணும் ஜப்பானிய அழகுணர்வைக் குறிக்கும் ‘வபி-ஸபி’ என்பது வெவ்வேறு வரலாறுடைய இரு சொற்களின் கூட்டு. இதனைத் தமிழில் ‘வாபி’ என நீட்டினால் குளம் என்ற பொருளும், ‘சபி’ என எழுதினால் சாபமிடுதல் என்ற பொருளும் வந்து சேர்வதால், கிரந்த எழுத்தை இங்கே பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

‘வபி’ என்பதன் வேர் ‘வபு’ என்னும் பழைய வினை. மனம் நொந்து சோர்தல், ஆதரவின்றி வாடுதல் என்பன அதன் பொருள். திருக்குறள் ‘நல்குரவு’ என்று அதிகாரம் வகுத்துப் பேசும் நிலைக்கு அது நெருக்கமானது. விரும்பத்தகாத இந்த நிலை அழகாக மாறியது தேநீர்ச் சடங்கின் வழியாக. தேநீர் ஆசான் டகெனோ ஜோஓ (1502–1555), பூவும் இல்லை, சிவந்த மேப்பிள் இலையும் இல்லை, கடலோரத்துக் கூரைக் குடிலும் இலையுதிர்கால அந்தியுமே உள்ளன என்னும் கவிஞர் டெய்காவின் பழம்பாடலை வபியின் உருவமாகக் காட்டினார் என்பது தேநீர் மரபின் கூற்று. அவருடைய மாணவர் சென் நோ ரிக்யூ (1522–1591) சீனத்துப் பளபளப்பான கலங்களுக்கு மாறாக, கையால் வனைந்த கரடுமுரடான கிண்ணங்களையும் இரண்டு பாய் அளவேயான தேநீர் அறையையும் போற்றினார்.

‘ஸபி’யின் வேரான ‘ஸபு’ பொலிவிழத்தல், காலத்தால் முதிர்தல் என்னும் பொருளது. தனிமையைக் குறிக்கும் ‘ஸபிஷீ’ அதன் கிளை. துருவைக் குறிக்கும் சொல்லும் இதே ஒலியுடையது, ஆனால் எழுதும் எழுத்து வேறு. ஹைக்கூ கவிஞர் பாஷோவின் (1644–1694) வழிவந்த கவிஞர்களே ஸபியைக் கவிதைக்குரிய பண்பாக நிலைநிறுத்தினர். தமிழில் இதற்கு வியப்பான ஓர் இணை உண்டு: ‘புலம்பே தனிமை’ என்கிறது தொல்காப்பிய உரியியல். ஜப்பானியத்தில் தனிமைச் சொல் அழகை நோக்கி நகர்ந்தது. தமிழில் அது அழுது அரற்றுதலாகிவிட்டது. ஆகவே பொருத்தமான அந்தப் பழஞ்சொல்லை இன்று மீட்டெடுப்பது கடினம்.

பொதுவாகச் சொல்லப்படும் ‘குறையழகு’ என்னும் மொழிபெயர்ப்பு எனக்கு நிறைவளிக்கவில்லை. குறை என்பது ஒரு பொருளின் நிலை. வபி-ஸபி காலம் அப்பொருளின்மீது செய்யும் வேலை. தோட்டத்தைப் பார்த்தால் இது விளங்கும். கியோட்டோவின் சைஹோ-ஜி கோயில் தோட்டத்தை ஜென் துறவி முசோ சொசெகி 1339இல் புதுப்பித்தபோது, இன்று அதற்குப் புகழ் தேடித்தரும் பாசி அவருடைய திட்டத்தில் இல்லை. பிற்காலத்தில், பராமரிப்புக் குறைந்த ஈர நிலத்தில், அது தானே படர்ந்தது. இப்போது ஏறத்தாழ 120 வகைப் பாசிகள் உள்ளன. இதனால் வபி-ஸபி என்பது தோட்டத்தைக் கைவிடுதல் என்று கொள்ளக் கூடாது: உதிர்ந்த இலைகளைப் பாசி நோகாமல் பெருக்கியெடுப்பது ஓயாத வேலை. பெருக்கி முடித்த தோட்டத்தில் ரிக்யூ ஒரு மரத்தை உலுக்கிச் சில இலைகளை உதிர்த்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். முதலில் பெருக்கினார்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பருவத்தோடு இணங்கி வாழ்தலும் இதே உணர்வில் சேரும். ஆண்டை ஏறத்தாழ ஐந்து நாள்கள் கொண்ட 72 சிறு பருவங்களாகப் பிரிக்கும் சீன முறையை வானியலாளர் ஷிபுகாவா ஷுன்காய் 1685இல் ஜப்பானிய நிலத்துக்கு ஏற்பத் திருத்தினார். அவற்றுள் நவம்பர் இறுதியில் வருவதன் பெயர் ‘வாடைக்காற்று இலைகளை அகற்றுகிறது’ என்பது. தேநீர் அறையிலும் நவம்பரில் தரையடுப்பைத் திறப்பார்கள். மே மாதம் அதை மூடி, தனியே வைக்கும் கணப்புக்கு மாறுவார்கள்.

தமிழ் நிகராகத் தொல்காப்பியர் செய்யுளுக்குச் சொன்ன வனப்புகளில், சில மெல்லிய சொற்களில் அமையும் ‘அம்மை’, பழமையைச் சொல்லும் ‘தொன்மை’ இரண்டையும் இணைக்கலாம் என்று தோன்றும். ஆனால் அம்மை என்றதும் இன்று நோயே நினைவுக்கு வரும். ஆகவே வபிக்கு ‘எளிமை’, ஸபிக்கு ‘முதிர்வு’ என்று கொண்டு, கூட்டுச்சொல்லை ‘முதிரெளிமை’ எனலாம். வினைத்தொகையாதலால் முதிர்ந்த, முதிர்கின்ற, முதிரும் என மூன்று காலமும் அதில் அடங்கும். ‘முற்றத்துக் கல்தொட்டி முதிரெளிமை கொண்டது’ என எழுதலாம். அமிலம் பூசிப் பழசாக்கிய புதுத் தொட்டிக்கு இச்சொல் பொருந்தாது.