குடித்து ஓட்டிய கேஸ்: லாரி டிரைவர் லைசென்ஸுக்கு என்ன ஆகும்?

லீவில் ஊருக்கு வந்த லாரி டிரைவர் ஒருவர் குடித்துவிட்டு பைக்கில் போய் மாட்டிக்கொண்டார். "பைக்தானே, லாரியில மாட்டலையே" என்று தைரியமாக இருந்தார். லைசென்ஸ் அட்டை ஒன்றுதான். பைக்கில் பிடுங்கினாலும் ஹெவி லைசென்ஸும் அதே அட்டையில்தான் போகும்.

மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 185. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதத்தை எப்படியாவது புரட்டிக் கட்டிவிடலாம். பிழைப்பு போவது அதற்கப்புறம்.

போலீஸ் லைசென்ஸை வாங்கிக்கொண்டு ஒப்புகைச் சீட்டு தருவார்கள். வேறு சில கேஸ்களில் அந்தச் சீட்டை வைத்து வண்டி ஓட்டலாம். இதில் முடியாது. பிரிவு 206(4) தெளிவாகச் சொல்கிறது: லைசென்ஸ் திரும்பக் கைக்கு வரும்வரை ஓட்டக் கூடாது. பலர் சீட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு லோடு ஏற்றிக் கிளம்பிவிடுகிறார்கள்.

அடுத்து ஆர்டிஓ. போலீஸ் லைசென்ஸை அங்கேதான் அனுப்பும். முதல் முறை என்றால் 3 மாதம் தகுதிநீக்கம் செய்யலாம், அதாவது வண்டி ஓட்டத் தடை போடலாம். ஆனால் உங்கள் விளக்கத்தைக் கேட்காமல் செய்யக் கூடாது. அதற்கான நோட்டீஸ் லைசென்ஸில் இருக்கும் முகவரிக்குப் போகும். நீங்கள் வீடு மாறி நாலு வருஷம் ஆகியிருக்கும், அல்லது லோடோடு குவாஹாட்டியில் இருப்பீர்கள். ஆள் வரவில்லை என்று எழுதி உத்தரவு போட்டுவிடுவார்கள். உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் அப்பீல் செய்ய வேண்டும். அதனால் நோட்டீஸுக்குக் காத்திருக்காமல் நீங்களே போய்க் கேளுங்கள். ஸ்டேஷனில் "அனுப்பிட்டோம்" என்பார்கள், ஆர்டிஓவில் "வரல" என்பார்கள். இந்த அலைச்சலுக்கு வாய்ப்பேச்சு உதவாது. மனு எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். சீல் போட முணுமுணுப்பார்கள், நகராதீர்கள்.

மூன்று மாதம் முடிந்ததும் லைசென்ஸ் தானாக வந்துவிடாது. டிரைவர்களுக்கான புத்தாக்கப் பயிற்சி (ரெஃப்ரெஷர் கோர்ஸ்) முடித்திருந்தால்தான் தருவார்கள். கவுன்டரில் இதை முதல் நாளே யாரும் சொல்வதில்லை. தொண்ணூறாவது நாள் சொல்வார்கள். எங்கே பயிற்சி என்று உத்தரவு வாங்கும்போதே கேட்டு, அந்த மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

கோர்ட்டில் "ஒத்துக்கிட்டா ஃபைனோட முடிஞ்சிரும்" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். முடியாது. அது தண்டனையாகப் பதிவாகும். இரண்டாம் முறை 185-இல் தண்டனை வந்தால் கோர்ட் லைசென்ஸை ரத்து செய்தே ஆக வேண்டும், பிரிவு 22 அப்படித்தான் இருக்கிறது. குடும்பம் இருக்கிறது, கடன் இருக்கிறது என்று ஜட்ஜிடம் அழுதாலும் பலனில்லை. ஒத்துக்கொள்ளும் முன் வக்கீலைப் பாருங்கள். வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம்.

கடைசியாக, புரோக்கர். "தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் கொடு, டூப்ளிகேட் எடுத்துத் தரேன்" என்பான். லைசென்ஸ் போலீஸிடம் இருக்கும்போது தொலைந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது நீங்கள், அவன் இல்லை. தகுதிநீக்கக் காலத்தில் ஓட்டி மாட்டினால் 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரன் முதலில் தோண்டுவதும் இதைத்தான்.